பதினாறு அல்ல, முப்பது

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார் தோல் மருத்துவர். "ஒரு வாரத்துல உங்க முகத்தை எதெல்லாம் தேய்க்குது, சுரண்டுது, அரிக்குது, எல்லாத்தையும் எழுதுங்க" என்றார். மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று போனவனைப் பரீட்சை எழுத வைத்துவிட்டார்.

எழுதினேன். சவரம், வேலை நாட்களில் மட்டும், 5. குருணை போட்ட ஸ்க்ரப், ஒருநாள் விட்டு ஒருநாள், 3 என்று வைத்துக்கொள்ளலாம். கிளைகாலிக் அமில டோனர், தினமும் இரவு, 7. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழுக்கைத் திரட்டி எடுக்கும் ஒரு ஜெல், 1. கூட்டினால் 16. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கிற முகம் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

நான் பையில் கொண்டுபோயிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஃபேஸ்வாஷ் வந்ததும் விரல் நின்றது. "இதுல 2 சதவீதம் சாலிசிலிக் ஆசிட் இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வாரத்துக்குப் பதினாலு. இதைச் சேர்க்கலையே நீங்க?"

ஆக, முப்பது. "துண்டால அழுத்தித் துடைக்கிறதை நான் எண்ணலை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அப்புறம் தாளின் மேல் மூலையில் 30 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

முப்பது முறை உரிக்கும் அளவுக்கு என் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. வீடியோ அழைப்புகள் கூடிய காலம். மற்றவர்கள் பேசும்போதும் திரையின் ஓரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். களையில்லாமல், சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. மூக்கில் கரும்புள்ளிகள். அக்காவிடம் புலம்பியபோது, தான் பாதி பயன்படுத்திய டோனரை எடுத்துக் கொடுத்தாள். "வாரம் ஒரு தடவை போதும்டா" என்றுதான் சொன்னாள். முதல் முறை பூசிய மறுநாள் காலை முகம் வழவழவென்று, நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. அன்றே விழுந்துவிட்டேன். ஒரு தடவைக்கே இப்படி என்றால் ஏழு தடவைக்கு எப்படி இருக்கும் என்பது என் கணக்கு.

மூன்றாவது வாரத்தில் மூக்கின் இரு ஓரமும், வாயைச் சுற்றியும் மெல்லிய செதில்கள் எழும்ப ஆரம்பித்தன. இறந்த செல்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன போலிருக்கிறது என்று ஸ்க்ரப் வாங்கினேன். தேய்த்ததும் செதில் போய்விடும். மறுநாள் இன்னும் கூடுதலாக வரும். இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். நெற்றியில் ஊசிமுனை போலப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். அதற்குத்தான் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ். ஒவ்வொன்றும் முந்தையது செய்த காயத்துக்கு வாங்கிய மருந்து. கடைசியில் வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஆறு வருடமாகப் பூசிக்கொண்டிருந்த சாதாரண மாய்ஸ்சரைசர் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் பளபளப்பாகத்தான் இருந்தது. மெழுகு தடவிய பளபளப்பு அது. ஆரோக்கியமான தோலின் மினுமினுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். படித்ததில் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது, தோல் இந்த வேலையைத் தானாகவே செய்துகொள்கிறது என்பது. மேல்தோலின் உச்சியில் இருப்பது ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற படலம். பதினைந்து இருபது அடுக்கு இறந்த செல்கள். இத்தனை அடுக்கு இருந்தும் உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். இறந்த செல் என்ற சொல்லே நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது. குப்பை என்று நினைக்கிறோம், கூட்டித் தள்ளப் பார்க்கிறோம். பீட்டர் எலியாஸ் என்ற தோல் விஞ்ஞானி 1983-இல் இந்தப் படலத்தைச் செங்கல் சுவரோடு ஒப்பிட்டார். செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்த சாந்து, அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கண்டதும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான். நான் முப்பது முறை உரித்தது குப்பையை அல்ல, வீட்டுச் சுவரை.

சுவரின் செங்கற்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கப் புரதத்தாலான சின்னச் சின்ன ஆணிகள் உண்டு. கீழிருந்து புது செல்கள் மேலே வர வர, தோலிலேயே இருக்கும் நொதிகள் மேலடுக்கின் ஆணிகளை வெட்டிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அவை உதிர்கின்றன. அடித்தளத்தில் பிறந்த செல் மேலே வந்து உதிர வாரக்கணக்கில் ஆகும். இளமையில் நான்கு வாரத்தையொட்டி, வயது ஏற ஏற இன்னும் மெதுவாக. முகம் மங்கித் தெரிவதற்கு இந்த மெத்தனமும் ஒரு காரணம். உதிர வேண்டியது உதிராமல் மேடுபள்ளமாக நின்றால் வெளிச்சம் சீராகத் திரும்பாது. அமிலம் பூசிய மறுநாள் பளிச்சென்று இருந்தது பொய்யில்லை. மேற்பரப்பு சமமானது, வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பியது.

இங்கே எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆணி வெட்டும் அந்த நொதிகளுக்கு வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தோல் காய்ந்துபோனால் நொதிகள் முடங்கும், வெட்டு பாதியில் நிற்கும். தனித்தனியாக உதிர வேண்டிய செல்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு செதிலாக எழும்பும். அதாவது, வறட்சியால் வரும் செதிலுக்கு ஸ்க்ரப் தேவையே இல்லை. மாய்ஸ்சரைசர் பூசி ஈரத்தை நிறுத்தினாலே நொதிகள் விழித்துக்கொண்டு தம் வேலையைப் பார்க்கும். என் மூக்கோரத்துச் செதில் தேய்க்கச் சொல்லி வந்ததில்லை, நிறுத்தச் சொல்லி வந்தது. நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

எரிச்சல் பற்றியும் என்னிடம் ஒரு தப்பெண்ணம் இருந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்திருந்தேன். புண்ணில் மருந்து எரிந்தால் ஆறுகிறது என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்த பழக்கம் இருக்கலாம். 1977-இல் ஃபிராஷ், கிளிக்மன் என்ற இரு தோல் ஆய்வாளர்கள் லாக்டிக் அமிலக் கரைசலை மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள மடிப்பில் தடவி, யாருக்கு எவ்வளவு எரிகிறது என்று பார்க்கும் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஒரே கரைசல். சிலருக்குத் துடிக்கத் துடிக்க எரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆக, எரிச்சல் என்பது உங்கள் தோல் எவ்வளவு கூச்சமுள்ளது என்பதைச் சொல்கிறது. அமிலம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. முதல் சில நொடி லேசாகக் குறுகுறுத்தால் பரவாயில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகும் சுருக்கென்று எரிந்துகொண்டே இருந்தால் கழுவிவிட வேண்டியதுதான்.

சரி, உரிக்கவே கூடாதா என்றால் அப்படியில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எதைக் கொண்டு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி.

தேய்த்து எடுப்பது ஒரு வகை, கரைத்து எடுப்பது இன்னொரு வகை. தேய்ப்பதில் ஸ்க்ரப், பிரஷ், துணி, சவரக்கத்தி எல்லாம் அடக்கம். சவரத்தை நான் இந்தக் கணக்கில் சேர்த்தே பார்த்ததில்லை. கத்தி முடியோடு சேர்த்து மேலடுக்கிலும் கொஞ்சம் வழித்துக்கொண்டுதான் போகிறது. சவரம் செய்த இரவே அமிலம் பூசினால், ஒரே இடத்தை ஒரே நாளில் இருமுறை உரித்ததாக ஆகிறது. ஆண்களுக்கான தோல் பராமரிப்புப் பேச்சில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாடைக்குக் கீழே என் தோல் ஏன் எப்போதும் மற்ற இடங்களைவிடச் சிவந்து கிடந்தது என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது.

ஸ்க்ரப்பைப் பற்றி எனக்கு இப்போதும் நல்ல அபிப்பிராயம் இல்லை. கொட்டையின் ஓட்டைப் பொடித்துப் போட்டவற்றில் குருணைகள் கூர்முனையோடு இருக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை கை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்கு அளவே கிடையாது. கோபமான நாளில் கொஞ்சம் கூடுதலாகத்தான் அழுந்தும். உருண்டையான, மென்மையான பிளாஸ்டிக் மணிகள் போட்ட ஸ்க்ரப்கள் ஒரு காலத்தில் பிரபலம். அவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போவதால் அமெரிக்கா 2015-இல் சட்டம் போட்டு அவற்றைத் தடுத்தது, வேறு பல நாடுகளும் தடுத்தன. தேய்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் சொல்லும் வழி எளிமையானது: விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாக, சுமார் 30 விநாடி, பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவுவது. வெந்நீர் கூடாது. முப்பது விநாடி எவ்வளவு குறைவு என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு முழுப் பாட்டு பாடி முடிக்கும் வரை தேய்த்துக்கொண்டிருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெல்லின் கதை தனி. பூசித் தேய்த்தால் அழுக்கு உருண்டை உருண்டையாகத் திரண்டு வரும். அதைப் பார்ப்பதில் ஒரு குரூரமான திருப்தி. எல்லாம் என் முகத்திலிருந்து வந்தது என்று அக்காவுக்குப் படம் எடுத்துக்கூட அனுப்பினேன். பிறகு ஒருநாள் சந்தேகம் வந்து, கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டில் அதே ஜெல்லைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். தட்டிலிருந்தும் 'இறந்த தோல்' உருண்டு உருண்டு வந்தது. இந்த ஜெல்கள் பலவற்றில் கார்போமர் போன்ற ஒரு பாலிமர் இருக்கிறது. அதோடு சேர்ந்த இன்னொரு பொருள் அதை உரசும்போது கட்டிகட்டியாகத் திரள வைக்கிறது. உருளும்போது தோலிலிருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம்தான், ஆனால் கண்ணில் படும் உருண்டைகளில் பெரும்பகுதி ஜெல்லேதான். அனுப்பிய படத்தை அழித்துவிடும்படி அக்காவிடம் கேட்டேன். அவள் அழிக்கவில்லை.

கரைத்து எடுக்கும் வகையில் அமிலங்கள். இவற்றின் கதை 1974-இல் யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ இருவரும் எழுதிய ஓர் ஆய்விலிருந்து சூடு பிடிக்கிறது. மீன் செதில்போலத் தோல் தடித்துப்போகும் இக்தியோசிஸ் என்ற நோய்க்கு, கிளைகாலிக், லாக்டிக் போன்றவை அடங்கிய ஆல்பா ஹைட்ராக்ஸி அமிலங்கள் உதவுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். நோய்க்கு வந்த மருந்து பிற்பாடு அழகு அலமாரிக்கு இடம் மாறியது. இந்த அமிலங்கள் செல்களுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன, ஆணி கழல்கிறது, செல் உதிர்கிறது.

எந்த அமிலம் என்பதில் மூலக்கூறின் பருமன் முக்கியம். கிளைகாலிக் அமிலம்தான் இருப்பதிலேயே சின்னது, மூலக்கூறு எடை 76. சின்னது என்பதால் சட்டென்று உள்ளே நுழையும், அதனால் எரிச்சலும் அதிகம். லாக்டிக் 90. மாண்டலிக் 152, கொஞ்சம் நிதானமான ஆள். குளுக்கோனோலாக்டோன் 178, கூச்ச சுபாவமுள்ள தோலுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆரம்பிக்கிறவர்கள் பெரியதிலிருந்து சின்னதுக்குப் போக வேண்டும். நான் நேரே 76-இல் குதித்தேன். சாலிசிலிக் அமிலம் இந்த வரிசையில் சேராது. அது எண்ணெயில் கரையும் என்பதால், எண்ணெய் அடைத்துக் கிடக்கும் துளைகளுக்குள் இறங்கும். பரு வருகிறவர்களுக்கு அது பொருந்துவது அதனால்தான். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பருக்களுக்கான பொருட்களில் 0.5 முதல் 2 சதவீதம் வரை என்று அமெரிக்காவில் வரையறை இருக்கிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக் பக்கம் போகுமுன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது, இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பிணிகளும் அப்படியே.

குப்பியின் முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் சதவீதம் பாதிக் கதைதான். மீதி, குப்பிக்குள் இருக்கும் பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அமிலம் தனியாக நிற்கும்போதுதான் தோலுக்குள் எளிதாக இறங்கும். பி.எச். ஏற ஏற அது உப்பாக மாறிக்கொண்டு வீரியம் குறையும். கிளைகாலிக் அமிலத்துக்குப் பி.எச். 3.8 ஒட்டி இருக்கும்போது சரிபாதி அமிலம், சரிபாதி உப்பு. அதே 10 சதவீதம் பி.எச். 3-இல் பெரும்பகுதி அமிலமாகவே நிற்கும், கடித்துக் குதறும். பி.எச். 5-க்கு ஏற்றினால் பெயருக்குத்தான் 10 சதவீதம். இதனால்தான் ஒரு கம்பெனியின் 10 சதவீதம் இன்னொரு கம்பெனியின் 7 சதவீதத்தைவிட மென்மையாக இருக்கலாம். அமெரிக்காவில் அழகுப் பொருட்களின் மூலப்பொருட்களை ஆராயும் காஸ்மெட்டிக் இன்கிரீடியன்ட் ரிவியூ என்ற நிபுணர் குழு 1998-இல் ஒரு வரம்பு சொன்னது. வீட்டில் பயன்படுத்தும் பொருட்களில் கிளைகாலிக், லாக்டிக் போன்றவை 10 சதவீதத்துக்கு மிகாமலும், பி.எச். 3.5-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் அறிவுரையும் சேர வேண்டும். அதற்கு மேலே உள்ள வீரியம் பயிற்சி பெற்றவர்களின் கைக்கு. இணையத்தில் 30, 50, 70 என்று விற்கும் குப்பிகளைக் கண்டால் தள்ளிப் போங்கள். இப்படி வீரியமான அமிலக் குப்பிகளை மருத்துவக் கண்காணிப்பில்லாமல் வாங்கிப் பூச வேண்டாம் என்று 2024-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே எச்சரித்தது. தீக்காயம்போல் ஆகும் வாய்ப்பு நிஜமானது.

வீட்டுக் கைவைத்தியமாக எலுமிச்சைச் சாறு பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது. போதாக்குறைக்கு, எலுமிச்சை இனத்தில் உள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தடமும் வரும். இயற்கையானது என்பதால் சாதுவானது என்று ஆகிவிடாது.

வெயில் விஷயத்தை நான் அலட்சியமாகக் கடந்தவன், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஆல்பா ஹைட்ராக்ஸி அமிலத்தை நான்கு வாரம் பூசியவர்களின் தோலில் புற ஊதாக் கதிருக்கான கூச்சம் 18 சதவீதம் கூடியது என்று ஓர் ஆய்வில் கண்டார்கள். நிறுத்தி ஒரு வாரம் ஆனதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் 2005-இல் வந்த வழிகாட்டுதலும் இதையே ஒட்டியது: பூசும் காலம் முழுவதும், நிறுத்தியபின் ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லிக் குப்பியில் அச்சிட வேண்டும். என் குப்பியிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. பொடி எழுத்து, படிக்கவில்லை. இரவில்தானே பூசுகிறேன், பகலுக்கு என்ன என்று ஒரு வக்கீல் வாதம் வேறு வைத்திருந்தேன்.

பழுப்பு, கருநிறத் தோல்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வம்பு உண்டு. தோலில் எந்தப் புண், எந்த வீக்கம் வந்தாலும் நிறமி செல்கள் பதறிப்போய் மெலனினைக் கொட்டிவிடும். சிவப்பு ஆறிவிடும், அந்த இடத்தில் பழுப்புத் தடம் நின்றுவிடும். வெளுத்த தோலுக்கு ஒரு வாரத்துச் சங்கடமாக முடிவது, நமக்கு மாதக்கணக்கில் கன்னத்தில் குந்திக்கொள்ளும். கரும்புள்ளியைப் போக்க அமிலம் பூசி, அமிலம் போட்ட புண்ணால் புதுத் தடம் வாங்கியவர்கள் நிறையப் பேர். என் இடது கன்னத்து எலும்பின் மேல் வந்த தடம் மறைய எட்டு மாதம் ஆனது. அதை அழிக்க வேறு ஏதாவது பூசலாமா என்று கை துடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் சன்ஸ்கிரீனைத் தவிர எதையும் அனுமதிக்கவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை, சிகிச்சை மாதிரியே இல்லை. நான்கு வாரத்துக்கு எல்லாக் குப்பிகளும் உள்ளே. காலையில் வெறும் தண்ணீர். இரவில் மணமில்லாத சாதுவான ஒரு ஃபேஸ்வாஷ், ஒரே ஒரு முறை. முகம் ஈரமாக இருக்கும்போதே செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர். மூக்கோரத்தில் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் சன்ஸ்கிரீன். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. சவரம் இல்லை.

"தாடி வளர்த்துட்டா ஆபீஸ்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"செதில் செதிலா உரியறதைப் பார்த்து இப்ப என்ன சொல்றாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

முதல் மூன்று நாள் எதைப் பூசினாலும் எரிந்தது. ஒரு வாரத்தில் எரிச்சல் போனது, செதில் இருந்தது. பத்தாம் நாள் வாக்கில் செதில் போய், முகம் மறுபடியும் சாம்பல் பூத்த பழைய முகமாக ஆனது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை. நெற்றிக் கொப்புளங்கள் மூன்றாம் வாரத்தில் அடங்கின. அவற்றைப் பரு என்று நம்பித்தான் சாலிசிலிக் வாங்கியிருந்தேன். அமிலம் ஆரம்பித்த புதிதில் அடைபட்ட துளைகள் வேகமாக வெளிவருவதால் பரு கூடுவதும் உண்டு. வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்து, நாலைந்து வாரத்தில் தணிந்தால் அந்த ரகம் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவரை வராத இடத்தில், அரிப்போடும் எரிச்சலோடும் பொடிப்பொடியாக வந்தால் அது சுவர் இடிந்ததன் அடையாளம். என் நெற்றியில் அதற்கு முன் ஒரு பருகூட வந்ததில்லை.

ஆறாவது வாரம் மறுபடி போனபோது அமிலம் தொடங்க அனுமதி கிடைத்தது. இந்த முறை லாக்டிக், 5 சதவீதம். நேரே முகத்துக்குப் போகவில்லை. முழங்கை மடிப்பில் ஒரு நாணயம் அளவுக்கு, நாளுக்கு இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள் வரை பூசிப் பார்க்கச் சொன்னார். ஒருமுறை தடவி அரைமணி நேரம் பார்த்துவிட்டு, சரி போகலாம் என்று நினைப்பவர்கள் ஒவ்வாமையைத் தவறவிடுவார்கள், அது நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கழுவி எடுக்கும் பொருளாக இருந்தால், முகத்தில் எவ்வளவு நேரம் வைப்போமோ அவ்வளவு நேரம் அங்கேயும் வைத்துக் கழுவ வேண்டும்.

இப்போது என் வழக்கம் இப்படி இருக்கிறது. சனிக்கிழமை இரவு மட்டும் அமிலம். வெள்ளிக்கிழமை காலை கடைசிச் சவரம், அடுத்தது திங்கள். சாதாரண ஃபேஸ்வாஷால் கழுவி, முகம் முழுக்க உலர்ந்தபின் பூசுகிறேன், ஈரத்தில் பூசினால் எனக்குக் கூடுதலாகக் கடிக்கிறது. கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் மூன்றுக்கும் முன்னதாகவே பெட்ரோலியம் ஜெல்லி தடவி வேலி போட்டுவிடுவேன். அமிலம் வழிந்து தேங்குவது அந்தப் பள்ளங்களில்தான். மேலே மாய்ஸ்சரைசர். வேறு எதுவும் அந்த இரவில் கிடையாது. ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சைப் பயன்படுத்துகிறவர்கள் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் அலைந்து முகம் சிவந்த வாரமென்றால் அந்தச் சனிக்கிழமை விடுமுறை. கீறல், ஆறாத புண், எக்ஸிமா கிளம்பியிருக்கும் நேரம், இவையும் அப்படியே. முகம் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேசியா என்ற நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போவதே நல்லது. பருக்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தவர்களுக்கு வேக்ஸிங்கும் இயந்திரத்தால் தோலைத் தேய்த்தெடுக்கும் சிகிச்சையும் மருந்தை நிறுத்தி குறைந்தது ஆறு மாதம் வரை கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

வாரம் ஒன்று என்பது எல்லாருக்குமான எண் இல்லை. எண்ணெய் வழியும் தடித்த தோலுக்கு இரண்டு, மூன்று தாங்கலாம். வறண்ட தோலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றே அதிகமாகலாம். வீரியம் கூடக் கூட இடைவெளியும் கூட வேண்டும். என் அளவுகோல் மறுநாள் காலை மாய்ஸ்சரைசர். துளி எரிந்தாலும் அடுத்த வாரம் அமிலம் கிடையாது. இரண்டு வருடத்தில் நான்கைந்து முறை அப்படித் தவிர்த்திருக்கிறேன், பெரும்பாலும் குளிர்காலத்தில்.

மூக்கின் கரும்புள்ளிகளைப் பற்றி அந்தக் கடைசிச் சந்திப்பில் கேட்டேன். எல்லாம் அவற்றில்தானே தொடங்கியது. டாக்டர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவை கரும்புள்ளியே இல்லை என்றார். எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெய் மேலே வரும் இழைகள், எல்லார் மூக்கிலும் இருக்கும். பிதுக்கி எடுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். "பக்கத்துல போய்ப் பார்த்தா யாருக்கும் தெரியும். நீங்க எவ்ளோ தூரத்துல நின்னு கண்ணாடி பார்க்கறீங்க?" என்றார். என் உள்ளங்கையை மூக்குக்கு முன்னால் வைத்துக் காட்டினேன்.

இப்போது வாஷ்பேசினை விட்டு ஓர் அடி தள்ளி நின்று சவரம் செய்கிறேன். இழைகள் இன்று காலையும் இருந்தன. குனிந்து பார்த்தேன்.